பிடிப்பு விசை: பழைய பைக்கை ஓட்டும் முன்

மோட்டார் சைக்கிளில் ஒரு போல்ட்டு இரண்டு பாகங்களைச் சேர்த்து வைத்திருப்பது, துளைக்குள் ஆணிபோல் நிற்பதால் அல்ல. இழுபட்ட நிலையில் இருப்பதால். ஸ்பானரால் நட்டைத் திருகும்போது போல்ட்டின் உடல் மிகச் சிறிய அளவு நீள்கிறது. நீண்ட எஃகு தன் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த இழுப்பு இரண்டு பாகங்களையும் ஒன்றோடொன்று அழுத்துகிறது. இதற்குப் பெயர் பிடிப்பு விசை. 10 மி.மீ. விட்டமுள்ள போல்ட்டை 45 நியூட்டன் மீட்டர் முறுக்கில் இறுக்கினால் உள்ளே எழும் பிடிப்பு விசை ஏறத்தாழ 22,000 நியூட்டன். இரண்டு டன்னுக்கு மேற்பட்ட எடை மேலிருந்து அழுத்துவதற்கு இது சமம். என்ஜினைச் சேஸிஸோடு அசையாமல் பிணைத்திருப்பது இந்த அழுத்தமும், அதனால் இரு பரப்புகளுக்கிடையே எழும் உராய்வும்தான்.

இவ்வளவு பெரிய விசையைத் தரும் நீட்சி மிகச் சிறியது. மேற்சொன்ன போல்ட்டு 50 மி.மீ. நீளம் பிடித்திருந்தால், அது நீண்டிருப்பது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வாஷருக்கு அடியில் இருக்கும் பெயின்ட் 0.025 மி.மீ. நசுங்கினாலே பிடிப்பு விசையில் ஏறத்தாழ கால்பங்கு போய்விடும். நட்டு ஒரு பாகைகூடத் திரும்பியிருக்காது. கண்ணுக்கு எல்லாம் இருந்தபடியே தெரியும். பழைய வண்டியைச் சோதிப்பதில் இதுதான் மையச் சிக்கல். கையால் தொட்டால் சுழலும் நட்டு, தளர்வின் கடைசிக் கட்டம். அதற்கு வெகு முன்பே இணைப்பு பிடியை இழந்திருக்கும். ஆகவே வண்டியில் தேட வேண்டியது சுழலும் நட்டுகளை மட்டுமல்ல. அசைவு நடந்ததற்கான தடயங்களையும்தான்.

பிடிப்பு குறைந்த போல்ட்டு கழன்று விழுவதற்கு முன்பே முறிந்துபோவதும் உண்டு. நன்றாக இறுகிய இணைப்பில், வெளியிலிருந்து வரும் அதிர்ச்சியின் பெரும்பகுதியை அழுத்தப்பட்ட பாகங்களே ஏற்றுக்கொள்கின்றன. போல்ட்டுக்குப் போவது சிறு பங்கு. பிடி தளர்ந்ததும் ஒவ்வொரு குலுக்கலும் முழுதாகப் போல்ட்டின் மேல் ஏறி இறங்குகிறது. மரையின் முதல் பள்ளத்தில் மயிரிழை விரிசல் தோன்றி, லட்சக்கணக்கான முறை விரிந்து சுருங்கி, ஒருநாள் முறிகிறது. முறிந்த போல்ட்டைப் பார்த்து, தரமற்ற சாமான் என்று கடைக்காரர்மேல் குறை சொல்வது வழக்கம். பல நேரங்களில் சாமானில் குறை இருக்காது. அது போதிய இறுக்கம் இல்லாமல் ஓடியிருக்கும்.

கழலும் விதம்

மரை என்பது ஒரு கம்பியைச் சுற்றி ஏறும் சரிவு. 10 மி.மீ. போல்ட்டின் நுண்மரையில் அந்தச் சரிவின் கோணம் ஏறத்தாழ இரண்டரைப் பாகை. எஃகோடு எஃகு வழுக்கத் தொடங்கச் சரிவு ஏழு எட்டுப் பாகையாவது இருக்க வேண்டும். அதனால் இறுக்கிய நட்டு தானாகக் கீழே வழுக்கக் காரணமில்லை. ஆனாலும் அது கழல்கிறது. ஏன் என்பதை 1969இல் ஜெர்மனியைச் சேர்ந்த பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் சோதனை மூலம் தெளிவாகக் காட்டினார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வு அதிகம் தீங்கு செய்வதில்லை. குறுக்குவாக்கில் வரும் அசைவுதான் எதிரி. சாய்ந்த பலகையில் அசையாமல் நிற்கும் பெட்டியைப் பக்கவாட்டில் தள்ளினால், அது பக்கவாட்டில் நகர்வதோடு நில்லாமல் கீழேயும் இறங்கும்; உராய்வு முழுவதும் பக்க அசைவைத் தடுப்பதில் செலவாகிவிடுவதால், சரிவில் பிடிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. நட்டுக்கும் இதுவே நேர்கிறது. இணைந்த இரு பாகங்கள் பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கினால், ஒவ்வொரு வழுக்கலிலும் நட்டு இம்மியளவு திரும்புகிறது.

யுங்கர் வடிவமைத்த சோதனைக் கருவி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்தக் கருவியில் வைத்துப் பார்த்தபோது தெரிந்த ஒன்று, நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளின் நம்பிக்கைக்கு நேர்மாறானது. வெட்டுப்பட்ட வளையம்போல் இருக்கும் ஸ்பிரிங் வாஷர், குறுக்கு அதிர்வில் கழலுதலைத் தடுப்பதில்லை. முழுமையாக இறுக்கியதும் அது தட்டையாகிச் சாதாரண வாஷராகிவிடுகிறது. ஸ்பிரிங் வாஷர் இருக்கிறதே என்று ஓர் இணைப்பைச் சோதிக்காமல் விடுவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

ஓசூர்ச் சாலைகளில் ஏறும் சுமை

இரு சக்கர வண்டிகள் பிறக்கும் இடமாகவும், அவை மூன்றாம் நான்காம் கை மாறி ஓடும் இடமாகவும் ஒரே நேரத்தில் இருப்பது ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு, 1980இல் டிவிஎஸ் 50 மொபெட் ஓசூரிலிருந்து வெளிவந்தது. 1984இல் சுசுகி கூட்டில் 100 சிசி மோட்டார் சைக்கிள்கள் வந்தன. அண்மையில் ஏத்தர் ஓசூரிலும், ஓலா போச்சம்பள்ளி அருகிலும், சிம்பிள் எனர்ஜி சூளகிரியிலும் மின்வண்டித் தொழிற்சாலைகளை அமைத்தன. இத்தகைய தொழிற்சாலையில் முக்கியமான போல்ட்டுகளை இறுக்குவது, குறித்த முறுக்கு வந்ததும் தானாக நிற்கும் கருவி. சரிபார்த்த போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்துப் பாகம்வரை பெயின்டால் ஒரு கோடு இழுப்பதும் வழக்கம். ஷிப்ட்டில் அந்தக் கருவியைப் பிடித்து வேலை செய்யும் தொழிலாளி, பாகலூரிலிருந்தோ தேன்கனிக்கோட்டையிலிருந்தோ கெலமங்கலத்திலிருந்தோ வேலைக்கு வருவது பெரும்பாலும் ஒரு பழைய பைக்கில். அந்த பைக்கின் போல்ட்டுகள் பல முறை கழற்றப்பட்டு, கை உணர்வை மட்டும் நம்பி மாட்டப்பட்டவை.

சுமையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி ஏறத்தாழ 20 கி.மீ. 100 சிசி வண்டி 50 கி.மீ. வேகத்தில் போனால் என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 4,500 முறை சுழலும். போக வர அந்த ஒரு நாள் பயணத்தில் மட்டும் 2 லட்சத்துக்கு மேற்பட்ட சுற்றுகள். மாதம் 25 நாள் என்றால் 50 லட்சத்தைத் தாண்டுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒருமுறை மேலேறிக் கீழிறங்கிச் சேஸிஸைக் குலுக்குகிறது. பிஸ்டன் 50 மி.மீ. ஓடும் என்ஜின் 6,000 சுற்றில் இயங்கும்போது, மேல்முனையில் பிஸ்டன் திரும்பும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல். ஒற்றைச் சிலிண்டர் என்ஜினில் இந்த விசையை ஈடுகட்ட எதிரே இன்னொரு பிஸ்டன் கிடையாது. எடைக்கட்டைகளால் ஒரு பகுதியைத்தான் சமன்செய்ய முடியும். மீதி போல்ட்டுகளுக்கு வருகிறது.

இதன்மேல் சாலை. தேசிய நெடுஞ்சாலை 44 வழவழப்பானதுதான். ஆனால் சர்வீஸ் ரோடும், கிரானைட் ஏற்றிய லாரிகள் போகும் கிளைச் சாலைகளும், ஊருக்கு ஊர் உயர்த்திப் போட்ட வேகத்தடைகளும் அப்படியல்ல. என்ஜின் அதிர்வு இடைவிடாத சிறு அசைவு. பள்ளத்தில் விழும் அதிர்ச்சி எப்போதாவது வரும் பெரும் அசைவு. முதலாவது நட்டைச் சிறிது சிறிதாகத் திருப்புகிறது. இரண்டாவது, கழுத்திலுள்ள கோன் செட், வீல் பேரிங், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் ஆகியவற்றைக் குதறுகிறது.

நிற்கும் வண்டியில் தெரிவது

வாங்கப்போகும் வண்டியைக் கழுவாத நிலையில், குளிர்ந்த என்ஜினோடு பார்ப்பது நல்லது. வாட்டர் சர்வீஸ் செய்து பாலீஷ் போட்டுவிட்டால் பாதித் தடயம் போய்விடும். தளர்ந்த எஃகு இணைப்பில் இரு பரப்புகளும் நுண்ணளவில் உரசி உரசி, செம்பழுப்பு நிறத்தில் மாவுபோன்ற துருப்பொடியை வெளியே தள்ளும். போல்ட்டின் தலையைச் சுற்றி அந்தப் பொடி கோடாக வழிந்திருந்தால், அது மழைத்துரு அல்ல. மழைத்துரு பரவலாகப் படரும். உரசல் துரு இணைப்பின் விளிம்பிலிருந்து மட்டும் கசியும். அலுமினியப் பாகமாக இருந்தால் பொடி கருமையாக இருக்கும். வாஷரைச் சுற்றிப் பளபளப்பான பிறைவடிவக் கீறல் இருந்தால், வாஷர் நகர்ந்திருக்கிறது என்று பொருள்.

தொழிற்சாலையில் இழுத்த பெயின்ட் கோடு மிச்சமிருந்தால் அது பெரும் உதவி. கோடு நேராக ஓடினால் அந்தப் போல்ட்டு திரும்பவில்லை. முறிந்து விலகியிருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள், அல்லது தானாகத் திரும்பியிருக்கிறது. அறுகோண முனைகள் மழுங்கிய தலை, அளவு பொருந்தாத ஸ்பானரோ குறடோ பட்ட இடம். ஒரே இடத்தில் இரண்டு போல்ட்டுகள் வெவ்வேறு வகையாக இருந்தால் ஒன்று பிறகு வந்தது. அப்படி வந்த போல்ட்டின் தலையில் பொறித்த எண்ணைப் பார்க்க வேண்டும். 8.8 என்ற எண், சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 800 நியூட்டன்வரை முறியாமல் தாங்கும் எஃகைக் குறிக்கிறது. அதில் 80 சதவீதம்வரை நிரந்தரமாக நீளாமல் தாக்குப்பிடிக்கும். ஹார்டுவேர் கடையில் கேட் மாட்ட விற்கும் 4.6 வகைப் போல்ட்டு, அதில் பாதிக்கும் குறைவான இழுப்பிலேயே நிரந்தரமாக நீண்டுவிடும். அதை என்ஜின் மவுண்டிங்கிலோ பிரேக்கிலோ மாட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டியைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பது அவசியம். பெயின்ட் அடிக்க எல்லாவற்றையும் பிரித்திருப்பார்கள் என்பது ஒரு காரணம். போல்ட்டு அமரும் பரப்பிலும் பெயின்ட் படிந்திருக்கும் என்பது மற்றொன்று. முன்பு சொன்ன நசுங்கல் அங்குதான் நடக்கும். நம்பர் பிளேட்டும் ஒரு செய்தி சொல்லும். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரித்த வண்டிகளில் உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட், கழற்றினால் உடையும் பூட்டாணியால் மாட்டப்பட்டது. அதில் சாதாரண ஸ்குரூ இருந்தால், விபத்திலோ பெயின்ட் வேலையிலோ வண்டியின் பின்பக்கம் பிரிக்கப்பட்டிருக்கலாம். இது குற்றத்துக்குச் சான்று அல்ல. விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

முன்பக்கம்

சோதனையை ஹேண்டில்பாரிலிருந்து தொடங்குவது வசதி. சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரத்தை இரு முழங்கால்களுக்கிடையே பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை மேலும் கீழும், முன்னும் பின்னும் இழுத்தால், கிளாம்பு தளர்ந்திருப்பது உடனே தெரியும். கிளட்ச், பிரேக் லீவர்கள் தங்கள் அச்சில் சற்று ஆடுவது தேய்மானம். லீவரின் தாங்கி ஹேண்டில்பாரில் சுழல்வது தளர்வு. கண்ணாடி, இண்டிகேட்டர், ஹெட்லைட் ஆகியவற்றை ஒரு முறை தொட்டுப் பார்த்தால் போதும்.

கோன் செட்டுக்கு நேரம் கொடுக்க வேண்டும். சேஸிஸின் கழுத்தில், ஃபோர்க் திரும்பும் அச்சின் மேலும் கீழும் இருக்கும், குண்டுகள் நிறைந்த இரண்டு பேரிங்குகள்தான் கோன் செட். முன்பிரேக் போடும்போதும் பள்ளத்தில் விழும்போதும் முன்சக்கரத்திலிருந்து வரும் விசை முழுவதும் இவை வழியாகத்தான் சேஸிஸுக்குப் போகிறது. ஒருவர் சீட்டின் பின்பகுதியை அழுத்தி முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்க, மற்றொருவர் முன்னால் உட்கார்ந்து ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ள வேண்டும். 'டக்' என்று கழுத்தில் தட்டினால் ஆட்டம் இருக்கிறது. அந்தத் தட்டல் ஃபோர்க் குழாயின் உள்புஷ்ஷிலிருந்தும் வரலாம். இதைப் பிரித்தறிய, ஒரு விரலைக் கழுத்தில் சேஸிஸும் ஃபோர்க் பிளேட்டும் சந்திக்கும் இடுக்கில் வைத்துக்கொண்டு மறுபடி இழுக்கச் சொல்ல வேண்டும். விரலுக்கு அசைவு தெரிந்தால் கோன் செட், தெரியாவிட்டால் ஃபோர்க்.

அடுத்து, தூக்கிய நிலையிலேயே ஹேண்டில்பாரை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகத் திருப்ப வேண்டும். நேர்நிலைக்கு வரும்போது பள்ளத்தில் அமர்வதுபோல் நின்றால், குண்டுகள் ஓடும் பாதையில் குழி விழுந்துவிட்டது. வண்டி தன் ஆயுளில் பெரும்பகுதி நேராகவே ஓடுவதால், அதிர்ச்சி எல்லாம் ஒரே இடத்தில் விழுந்து ஏற்பட்ட குழி அது. இதை இறுக்கிச் சரிசெய்ய முடியாது. இறுக்கினால் ஆட்டம் மறையும், ஆனால் குழியில் சிக்கிய ஹேண்டில்பார் ஓட்டும்போது சிறு திருத்தங்களைச் செய்ய விடாது; வண்டி இடமும் வலமும் அலையும். கோன் செட் மாற்றுவது ஒன்றே வழி. விற்பவர் வண்டியைக் காட்டுவதற்கு முதல் நாள் கழுத்து நட்டை இறுக்கி வைத்திருந்தால், இழுத்துப் பார்க்கும் சோதனையில் தெரியாது. திருப்பிப் பார்க்கும் சோதனையில் தெரியும். அதனால் இரண்டையும் செய்ய வேண்டும்.

சக்கரத்தை மேலும் கீழும், பிறகு இருபக்கமும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் வீல் பேரிங்கின் நிலை தெரியும். டிஸ்க் பிரேக் வண்டியில் காலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளை ஸ்பானர் வைத்தே சோதிக்க வேண்டும். டிஸ்க்கின் விட்டம் சக்கரத்தைவிடச் சிறியது என்பதால், பிரேக் போடும்போது தரையில் எழும் விசையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலிப்பரில் விழுகிறது.

அலாய் வீல் இல்லாத வண்டியில் ஸ்போக்குகளைக் காதால் சோதிக்கலாம். சிறு ஸ்பானரால் ஒவ்வொன்றையும் ஒரே இடத்தில் மெல்லத் தட்டிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றினால், இறுகியவை கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது 'தொப்'பென்று அடங்கும். இழுபட்ட கம்பியின் அதிர்வெண், அதன் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இழுவிசை பாதியானால் சுருதி ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு இறங்கும். பயிற்சியில்லாத காதுக்கும் இந்த வேறுபாடு பிடிபடும். தளர்ந்ததை அங்கேயே இறுக்கிவிடலாம் என்று தோன்றும், அது தவறு. ஒரு ஸ்போக்கை இறுக்கினால் ரிம் அந்தப் பக்கம் இழுபட்டுக் கோணும். வீல் பெண்டு எடுப்பவரிடம் கொடுப்பதே முறை.

பின்பக்கம்

பின்சக்கரத்தின் மேற்பகுதியை ஒரு கையாலும் சேஸிஸை மறு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தால் ஆட்டம் தெரியும். அது வீல் பேரிங்கா, ஸ்விங் ஆர்ம் புஷ்ஷா என்பது அடுத்த கேள்வி. சக்கரத்தை விட்டுவிட்டு ஸ்விங் ஆர்மின் கோடியையே பிடித்து ஆட்டியும் அதே ஆட்டம் வந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட வண்டி, வளைவில் சாயும்போது பின்பக்கம் தனியாக நெளியும். சூளகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே மேலுமலைப் பகுதியின் இறக்க வளைவுகளில், பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போது இந்த நெளிவு ஆபத்தானது.

பின் ஆக்சில் நட்டு சில வண்டிகளில் பள்ளம் வெட்டிய தலையோடு இருக்கும்; அதில் ஸ்பிலிட் பின் இருந்தாக வேண்டும். பஞ்சர் ஒட்டும்போது கழற்றிய பின்னை மறுபடி மாட்டாமல் விடுவதும், அதற்குப் பதில் ஒரு கட்டுக்கம்பியை முறுக்கி விடுவதும் அடிக்கடி காண்பவை. செயினின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் தள்ளினால், பெரும்பாலான 100, 125 சிசி வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ. அசைய வேண்டும். செயின் லாக்கின் கிளிப், மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்கும்படி மாட்டப்பட்டிருக்க வேண்டும். தலைகீழாக இருந்தால் எதிலாவது உரசித் திறந்துகொள்ளும்.

இந்தப் பகுதியில் பெரும்பாலோர் பார்க்கத் தவறுவது, டிரம் பிரேக்கின் பிளேட்டை ஸ்விங் ஆர்மோடு இணைக்கும் தட்டையான எஃகுப் பட்டையை. பிரேக் பிடிக்கும்போது டிரம்மோடு சேர்ந்து பிளேட்டும் சுழலப் பார்க்கும். அதைச் சுழலவிடாமல் பிடித்திருப்பது அந்தப் பட்டை மட்டுமே. சாதாரணப் பிரேக்கிலேயே அதன்மேல் 1,000 நியூட்டனுக்கு மேல் இழுப்பு வரும். அதன் ஒரு முனையிலுள்ள நட்டு விழுந்துவிட்டால், அடுத்த முறை பிரேக்கை மிதிக்கும்போது பிளேட் சுழன்று, பிரேக் ராடை முறுக்கி, பின்சக்கரத்தை இறுக்கிவிடும். அரை நிமிடம் எடுத்து இரு முனைகளையும் பார்த்துவிடலாம். வண்டியில் வேறு எந்த அரை நிமிடச் சோதனைக்கும் இவ்வளவு பயன் கிடையாது. 2019க்குப் பின் வந்த 125 சிசிவரையிலான பல வண்டிகளில், பின்பிரேக்கை மிதித்தால் முன்பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு உண்டு. அதன் கேபிளும் லிங்க்கும் இருக்கின்றனவா, கழற்றிப் போடப்பட்டனவா என்று பார்ப்பதும் இங்கேயே முடியும்.

என்ஜினும் வயரிங்கும்

என்ஜின் மவுண்டிங் போல்ட்டுகள் நீளமானவை. முன்னாலும் பின்னாலும் அடியிலும் இருக்கும். என்ஜினை ஓடவிட்டு, ஒரு விரலைப் பாதி என்ஜின்மேலும் பாதி பிராக்கெட்டின்மேலும் படும்படி வைத்தால், இணைப்பு இறுகியிருக்கும்போது இரண்டும் ஒரே அதிர்வாகத் தெரியும். தளர்ந்திருந்தால் இரண்டு வேறு அதிர்வுகள் விரலுக்குப் புலப்படும். சைலன்சரிலும் சிலிண்டர் ஹெட்டிலும் சூடேறும் முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

சைலன்சர் நட்டுகள் சூட்டால் தளர்பவை. அலுமினியம் சூட்டில் எஃகைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஒவ்வொரு பயணத்திலும் விரிந்து சுருங்குவதால் கேஸ்கெட் நசுங்கி இறுக்கம் குறைகிறது. ஹெட்டும் சைலன்சர் பைப்பும் சேருமிடத்தில் கரிப்படலம் இருந்தால் அங்கே புகை கசிகிறது. என்ஜின் ஆயில் டிரெயின் போல்ட்டில் நேர்வது இதற்கு எதிரானது. அது கழலுவது அரிது; ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டு, அலுமினியத்தில் உள்ள மரை போய்விடுவதுதான் அதிகம். அந்த இடத்தில் எம்சீலோ டெஃப்லான் டேப்போ தென்பட்டால் மரை தேய்ந்ததை மறைத்திருக்கிறார்கள். ஃபுட்ரெஸ்ட், சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங், கிராஷ் கார்டு ஆகியவற்றை ஒரு உதை, ஒரு இழுப்பில் சோதித்துவிடலாம்.

மின்னிணைப்பில் தளர்வு வேறு விதமாகக் கெடுக்கிறது. பரப்புகள் இறுகித் தொடாவிட்டால் மின்தடை கூடும். மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அங்கே வெப்பம் எழும். செல்ஃப் ஸ்டார்ட்டில் 50 ஆம்பியர் ஓடும்போது பேட்டரி டெர்மினலில் 0.05 ஓம் தடை இருந்தால், அந்த ஒரு புள்ளியில் 125 வாட் வெப்பம். செல்ஃப் சில நொடிகளே ஓடுவதால் இது தாங்கிக்கொள்ளக்கூடியது. மின்ஸ்கூட்டரில் பெரும் மின்னோட்டம் தொடர்ந்து ஓடுகிறது. அங்கே அதே தளர்வு கனெக்டரை உருக்கும். நிறம் மாறிய பிளாஸ்டிக், உருகிய விளிம்பு, கருகிய வாடை ஆகியவற்றைப் பார்ப்பதோடு வாங்குபவர் நின்றுவிட வேண்டும். பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிள்களை வீட்டு ஸ்பானரால் தொடுவது உயிராபத்து. அது பயிற்சி பெற்ற சர்வீஸ் ஆளின் வேலை.

இறுக்குதல்

தளர்ந்தவற்றைக் கண்டறிந்த பின், எல்லாவற்றையும் முடிந்தமட்டும் இறுக்கிவிடுவது இயல்பாகத் தோன்றும் தீர்வு. அது கண்டறிந்த குறையைவிடக் கெடுதலானதாக முடியலாம். ஸ்பானரில் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. மற்றதெல்லாம் போல்ட்டுத் தலைக்கடியிலும் மரையிலும் உராய்வில் போகிறது. மரையில் ஆயில் இருந்தால் உராய்வு குறைந்து, அதே முறுக்கில் இழுவிசை பெரிதும் கூடிவிடும். துரு இருந்தால் கை வலிக்க இறுக்கியும் பிடிப்பு விசை வந்திருக்காது. ஆகவே முதலில் கழற்றி, மரையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, துணியால் துடைத்து, கையால் சில சுற்று ஏற்றிய பிறகே ஸ்பானர் வைக்க வேண்டும். கையால் ஏறாத போல்ட்டு, மரை மாறி ஏறுகிறது.

வண்டியின் சர்வீஸ் கையேட்டில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் முறுக்கு அளவு இருக்கும். கையேடு கிடைக்காத இடத்தில், எஃகில் ஏறும் 8.8 வகைப் போல்ட்டுக்கு 6 மி.மீ. என்றால் 10, 8 மி.மீ. என்றால் 22 முதல் 25, 10 மி.மீ. என்றால் 45 முதல் 50 நியூட்டன் மீட்டர் என்பது பொதுவான அளவு. அலுமினியத்தில் ஏறுபவற்றுக்கு இன்னும் குறைவு. டார்க் ரெஞ்ச் இன்று ஒரு ஜோடி டயரின் விலைகூட இல்லாமல் கிடைக்கும் கருவி. அதை வைத்திருக்கும் மெக்கானிக்கைத் தேடிப் போவது வீண் அலைச்சல் அல்ல. 6 மி.மீ. போல்ட்டை நீண்ட ஸ்பானரால் முழுப் பலம் கொடுத்து இறுக்கினால், அது மீட்சி எல்லையைத் தாண்டி மீள்தன்மையை இழந்துவிடும். பிறகு அது இறுகியதுபோல் தோன்றும், பிடிக்காது.

அடிக்கடி தளரும் இடங்களுக்கு மரைப் பசை உதவும். அமெரிக்க வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் 1950களில் லாக்டைட் என்ற பெயரில் உருவாக்கிய இந்தத் திரவம், காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை கெட்டியாகாது; காற்றில்லாத மரை இடுக்கில் உலோகம் பட்டதும் கெட்டியாகும். நீல வகையைச் சாதாரண ஸ்பானரால் பிறகு கழற்றலாம். சிவப்பு வகைக்குச் சூடேற்ற வேண்டியிருக்கும் என்பதால் பழைய வண்டியில் அதைத் தவிர்ப்பது நல்லது. நைலான் வளையமுள்ள நட்டு ஒரு முறை கழற்றிய பின் பிடியில் ஒரு பகுதியை இழக்கிறது. புதிதாக மாட்டுவதற்குச் செலவு சில ரூபாய்தான். சைலன்சருக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது, நைலான் அந்தச் சூட்டைத் தாங்காது.

இறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டிலும், தொழிற்சாலையில் செய்வதுபோல, பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். இந்தக் கோடு இல்லாமல் அடுத்த கட்டச் சோதனையில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

முதல் ஓட்டம்

முதல் ஓட்டத்துக்கு நெடுஞ்சாலை ஏற்றதல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறிச்சோடியிருக்கும் சிப்காட் உட்சாலை போன்ற இடத்தில், ஹெல்மெட் போட்டுக்கொண்டு, பின்னால் ஆள் இல்லாமல், 20 கி.மீ. வேகத்தில் இரண்டு பிரேக்கையும் தனித்தனியே பிடித்துப் பார்க்க வேண்டும். முன்பிரேக் பிடித்ததும் கழுத்தில் 'டக்' என்றால் கோன் செட் மறுபடி பார்க்கப்பட வேண்டும். வேகத்தடையை மெதுவாக ஏறி இறங்கும்போது எந்தப் பக்கம் கடகடக்கிறது என்று கேட்க வேண்டும். ஒரே வேகத்தில் மட்டும் வந்து, வேகம் கூடியதும் மறையும் அதிர்வு பெரும்பாலும் மவுண்டிங்கிலிருந்தோ தளர்ந்த தகட்டிலிருந்தோ வருவது. அந்தப் பாகத்தின் இயல்பான அதிர்வெண்ணோடு என்ஜின் சுற்று பொருந்தும் வேகம் அது. வேகம் கூடக் கூட வலுக்கும் அதிர்வு சக்கரத்திலிருந்து வருவது. கையை விட்டு ஓட்டி வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்கும் பழக்கம், தளர்ந்த கோன் செட் உள்ள வண்டியில் ஆளைக் கீழே தள்ளும்.

ஐந்து கிலோமீட்டர் கழித்து நிறுத்தி, பெயின்ட் கோடுகளை ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம். புதிய வண்டியின் முதல் சர்வீஸ் சில நூறு கிலோமீட்டரிலேயே வைக்கப்படுவதற்கு ஆயிலில் சேரும் உலோகப் பொடி ஒரு காரணம். புதிதாக இறுக்கிய பரப்புகள் படிந்து தளர்வது இன்னொன்று. பழைய வண்டியை இறுக்கிய பிறகும் அதே படிதல் நடக்கும். 100 கி.மீ. ஓடியதும், அதாவது ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் வருபவருக்கு மூன்றாவது நாள், என்ஜின் மவுண்டிங், காலிப்பர், பின்பிரேக் பட்டை, ஆக்சில் ஆகியவற்றை டார்க் ரெஞ்சால் மறுபடி சோதிக்க வேண்டும். சைலன்சர் நட்டுகளை என்ஜின் முழுதும் ஆறிய பின்பே தொட வேண்டும். புதிய கோன் செட் மாட்டியிருந்தால், குண்டுகள் தங்கள் பாதையில் அமர்ந்து சிறு ஆட்டம் வருவது இயல்பு. ஏறத்தாழ 500 கி.மீ.யில் கழுத்து நட்டை மறுபடி சரிசெய்ய வேண்டும்.